குடிநோய் சிகிச்சையில் இரண்டு மொழிகள்: பேச்சிப்பாறைப் பகுதியை முன்வைத்து

மதுவுக்கு அடிமையானவருக்கும் மனநலச் சிக்கல் உள்ளவருக்கும் அவர் அன்றாடம் பேசும் மொழியிலும் அவர் வாழும் மாநிலத்தின் அலுவல் மொழியிலும் சேர்த்துச் சிகிச்சை அளிப்பது இருமொழி போதை மீட்புச் சேவை எனப்படுகிறது. அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் மக்களுக்காக இது ஒரு தனித்துறையாகவே வளர்ந்துள்ளது. தமிழ்நாட்டில் இதன் தேவை அதிகம் பேசப்படுவதில்லை. தமிழ்நாட்டில் தமிழில் சிகிச்சை கிடைத்தால் போதும் என்று எண்ணுவதே இதற்குக் காரணம். இந்த எண்ணம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதைக் கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையடிவாரப் பகுதிகளில் காணலாம். பேச்சிப்பாறை அவற்றுள் ஒன்று.

ஊரும் பேச்சும்

நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், குலசேகரத்தைக் கடந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பேச்சிப்பாறை உள்ளது. கோதையாற்றின் குறுக்கே திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில் பொறியாளர் மிஞ்சின் தலைமையில் கட்டப்பட்ட அணை 1906இல் நிறைவடைந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டுடன் இணைந்தபோது பேச்சிப்பாறையும் உடன் வந்தது. எல்லை மாறினாலும் பேச்சு உடனே மாறிவிடுவதில்லை. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இன்றும் கணிசமாக வாழ்கிறார்கள். தமிழையே தாய்மொழியாகக் கொண்டவர்களின் பேச்சிலும் மலையாளச் சொற்கள் ஏராளமாகக் கலந்துள்ளன.

இவற்றோடு மூன்றாவதாக ஒரு பேச்சும் உண்டு. அணையைச் சுற்றியுள்ள காடுகளில் காணிக்காரர் எனப்படும் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் உள்ளன. மோதிரமலை, குற்றியாறு, தச்சமலை, தோட்டமலை போன்றவை அவற்றுள் சில. சில குடியிருப்புகளுக்கு அணை நீரைப் படகில் கடந்துதான் செல்ல வேண்டும். காணிக்காரர் தமக்குள் பேசும் மொழி தமிழோடும் மலையாளத்தோடும் நெருங்கிய உறவுடையது. அதற்குத் தனி எழுத்து இல்லை. மலைக்கு அப்பால் கேரளத்தில் வாழும் அவர்களுடைய உறவினர்கள் மலையாளத்தில் படிக்கிறார்கள், இப்பக்கம் உள்ள பிள்ளைகள் தமிழில் படிக்கிறார்கள்.

அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்களும் வேலை செய்கின்றன. 1964இல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்தவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் இவர்கள். இவர்களின் தமிழ் வேறு வகையானது.

ஆக, ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தின் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் ‘தமிழ் தெரிந்தவர்கள்’ என்று பதிவாகலாம். ஆனால் அவர்கள் வலியையும் பயத்தையும் வெட்கத்தையும் சொல்லும் சொற்கள் ஒன்றல்ல. காய்ச்சலுக்கு வந்தவரிடம் இதனால் பெரிய கேடில்லை. வெப்பமானி எந்த மொழியும் பேசுவதில்லை. குடிநோய்க்கு வந்தவரிடம் நோயைக் கண்டறிவதும் சிகிச்சையின் பெரும்பகுதியும் பேச்சின் வழியாகவே நடக்கின்றன.

ஒரு சொல், இரண்டு பொருள்

மலையாளமும் தமிழும் நெருக்கமான மொழிகள் என்பதே இங்கு சிக்கலை மறைத்துவிடுகிறது. முற்றிலும் புரியாத மொழி என்றால் மருத்துவர் உடனே ஒருவரைத் துணைக்கு அழைப்பார். பாதி புரியும் மொழியில் அவர் புரிந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்வார்.

‘வெள்ளம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம. குமரி மாவட்டத்தில் குடிதண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். சேலத்திலோ மதுரையிலோ வளர்ந்த மருத்துவருக்கு அது ஆற்றில் பெருகி வருவது. அதே சொல்லோடு ‘அடி’ சேர்ந்து ‘வெள்ளமடி’ என்றால் மலையாளப் பேச்சு வழக்கில் மது அருந்துதல். காலையில் வெள்ளம் குடித்தால் குமட்டுகிறது என்று ஒருவர் சொல்லும்போது அவர் எதைச் சொல்கிறார் என்பதை இந்த மண்ணின் பேச்சு தெரிந்தவரால் உடனே பிரித்தறிய முடியும்.

‘விறைத்தல்’ இதைவிட முக்கியமானது. பொதுத் தமிழில் கை விறைத்துப்போனது என்றால் மரத்துப்போனது, அசைக்க முடியாதபடி கெட்டியானது என்று பொருள். மலையாளத்தில் ‘விற’ என்பது நடுக்கம். நீண்ட காலம் குடித்த ஒருவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கைநடுக்கம் தொடங்குகிறது. அது மது விலகல் அறிகுறி. கை மரத்துப்போவது வேறு. அது பல ஆண்டுக் குடியாலும் ஊட்டச்சத்துக் குறைவாலும் நரம்புகள் கெட்டதன் அடையாளமாக இருக்கலாம். முதலாவதற்கு அன்றைக்கே கவனிப்பு தேவை. மது விலகலில் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரையிலான காலத்தில் சிலருக்கு ‘டெலிரியம் ட்ரெமென்ஸ்’ எனப்படும் கடும் குழப்பநிலை ஏற்படும். இல்லாத உருவங்கள் தெரியும், நாள் கிழமை மறக்கும், உடல் கொதிக்கும், நாடித் துடிப்பு ஏறும். சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. உரிய அளவில் அமைதி தரும் மருந்தும் தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடும். ‘கை விறைக்குது’ என்று சொன்னவரை நரம்புச் சத்து மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அந்த வாய்ப்பு தவறிப்போகும்.

மனநிலையைக் குறிக்கும் சொற்களில் வேறுபாடு இன்னும் நுணுக்கமானது. மலையாளத்தில் ‘விஷமம்’ என்றால் துயரம். தமிழில் குறும்பு அல்லது தீய நோக்கம். மலையாளத்தில் ‘சங்கடம்’ என்றால் ஆழ்ந்த வருத்தம். தமிழில் தர்மசங்கடம், சிறு அசௌகரியம். மனச்சோர்வு உள்ள ஒருவர் தனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று சொன்னால், கேட்பவர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்து அந்தச் சொல்லின் எடை கூடும் அல்லது குறையும். குடித்த இரவில் நடந்தது ‘ஓர்மை இல்லை’ என்பது நினைவிழப்பு. மதுவால் ஏற்படும் நினைவு மறைவைக் கண்டறிய இதுவே திறவுகோலான வாக்கியம். ‘வெப்ராளம்’ என்பதற்குப் பதற்றம் என்று அகராதிப் பொருள் தரலாம். ஆனால் நெஞ்சு படபடத்து, ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவிக்கும் நிலை முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

குவார்ட்டர் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ என்ற வினாப்பட்டியல் குடிப்பழக்கத்தை அளவிட உலகெங்கும் பயன்படுகிறது. அதில் பத்துக் கேள்விகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 40. எட்டு அல்லது அதற்கு மேல் பெற்றால் ஆபத்தான குடிப்பழக்கம் என்றும், 20 அல்லது அதற்கு மேல் என்றால் அடிமைநிலை இருக்கக்கூடும், விரிவாகப் பரிசோதிக்க வேண்டும் என்றும் கொள்கிறார்கள். இதை உருவாக்கும்போதே மெக்சிகோ, கென்யா, நார்வே உள்ளிட்ட ஆறு நாடுகளில் சோதித்தார்கள்.

அதன் முதல் மூன்று கேள்விகள் குடிக்கும் அளவைப் பற்றியவை. அங்கே ‘ஒரு டிரிங்க்’ என்பது சுமார் 10 கிராம் ஆல்கஹால். இந்த அளவு தமிழ்நாட்டில் யாருக்கும் பழக்கமில்லை. இங்கு அளவு குவார்ட்டர், அதில் பாதி கட்டிங். 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டர் பாட்டிலில் 42.8 சதவீதம் ஆல்கஹால் இருந்தால் அதன் எடை ஏறத்தாழ 61 கிராம். அதாவது ஒரு குவார்ட்டர் என்பது ஆறு டிரிங்க். ‘ஒரே நேரத்தில் ஆறோ அதற்கு மேலோ எத்தனை முறை குடிக்கிறீர்கள்’ என்று மூன்றாம் கேள்வி கேட்கிறது. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்த தாளைப் படித்துக் காட்டினால், தினமும் ஒரு குவார்ட்டர் குடிப்பவர் ‘ஆறெல்லாம் கிடையாது, ஒண்ணுதான்’ என்று உண்மையாகவே பதில் சொல்வார். அந்தக் கேள்வியில் நாலு மதிப்பெண் பெற வேண்டியவர் சுழியம் பெற்றுவிடுவார். நல்ல தமிழில் மொழிபெயர்த்திருந்தாலும் இந்தப் பிழை நேரும், ஏனெனில் பிழை சொல்லில் இல்லை, அளவில் இருக்கிறது. இருமொழிச் சேவை என்பது மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவதோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

அமெரிக்க ஸ்பானிய மக்களின் அனுபவம்

2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் 6.2 கோடிக்கும் மேற்பட்ட ஹிஸ்பானிக் மக்கள் வாழ்கிறார்கள். மருத்துவ அறையில் மொழி என்ன செய்கிறது என்பதை அதிகம் ஆராய்ந்தது அவர்களிடம்தான். 1970இல் டெல் காஸ்டில்லோ என்ற மனநல மருத்துவர், ஸ்பானியத் தாய்மொழிக்காரர்கள் ஸ்பானியத்தில் பேசும்போது நோய் வெளிப்படையாகத் தெரிகிறது என்றும் ஆங்கிலத்தில் பேசும்போது அது மறைந்துவிடுகிறது என்றும் எழுதினார். 1973இல் லூயிஸ் மார்க்கோஸ் குழுவினர் நேர்மாறான முடிவை வெளியிட்டார்கள். அதே நோயாளிகளை ஆங்கிலத்தில் நேர்கண்டபோது நோய் கூடுதலாக இருப்பதாக மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள். பழகாத மொழியில் தடுமாறிப் பேசுவதும் நீண்ட மௌனமும் நோயின் அறிகுறிகளாகத் தோன்றின. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதுபோல் தெரிந்தாலும், இரண்டாம் மொழியில் மட்டும் ஒருவரைப் பார்ப்பது நோயைக் கூட்டியோ குறைத்தோ காட்டும் என்பதில் இரண்டும் உடன்படுகின்றன.

மொழிபெயர்ப்பவர் யார் என்ற கேள்வியும் அங்கே ஆராயப்பட்டது. 2003இல் கிளென் ஃப்ளோரெஸ் குழுவினர் குழந்தை மருத்துவ அறைகளில் 13 உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தபோது, ஓர் உரையாடலுக்குச் சராசரியாக 31 மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரின் பிழைகளைவிட, உறவினரும் பிறரும் இடையில் நின்று செய்த பிழைகளே சிகிச்சையைப் பாதிக்கும் வகையில் அதிகம் இருந்தன.

அமெரிக்கச் சேவைகளில் மொழியோடு சேர்த்து ‘கொன்ஃபியான்சா’ என்ற ஸ்பானியச் சொல்லையும் அடிக்கடி கேட்கலாம். நம்பிக்கை என்று பொருள். உள்ளூர்க்காரர்களையே பயிற்றுவித்து வீடுவீடாகச் சென்று பேசவைக்கும் முறைக்கு அதுவே அடிப்படை. குடிநோயாளிகளின் சுயஉதவி அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் ஸ்பானியத்தில் ‘லா வின்யா’ என்ற தனி இதழையே 1996 முதல் நடத்துகிறது. அது ஆங்கில இதழின் மொழிபெயர்ப்பாக நின்றுவிடவில்லை. ஸ்பானியம் பேசுபவர்களே தங்கள் கதையை எழுதும் இதழ்.

ஆயினும் அங்கும் ஒரு குறை இருக்கிறது, பேச்சிப்பாறைக்கு மிகவும் பொருந்துவதும் அதுதான். மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்திலிருந்து கலிஃபோர்னியாவின் பண்ணைகளுக்கு வந்தவர்களில் பலருக்குத் தாய்மொழி மிஸ்டெக், சபோடெக், ட்ரிக்கி போன்ற பூர்வகுடி மொழிகள். ஸ்பானியமே அவர்களுக்கு இரண்டாம் மொழி. ‘ஹிஸ்பானிக்’ என்று பதிவுசெய்து ஸ்பானிய ஆலோசகரிடம் அனுப்பியதும் கடமை முடிந்ததாகிவிடுகிறது. தமிழ், மலையாளம் என்ற இரண்டு மொழிகளை மட்டும் கணக்கில் எடுத்தால் காணிக்காரர்களுக்கும் இதேதான் நடக்கும்.

இடையில் நிற்பவர்

குடிநோயாளி பெரும்பாலும் தனியாக வருவதில்லை. மனைவியோ அம்மாவோ அழைத்து வருகிறார்கள். கேள்விகளுக்கு அவர்களே பதில் சொல்கிறார்கள். மொழி ஒரு தடையாக இருக்குமிடத்தில் பள்ளியில் படிக்கும் மகனோ மகளோ மொழிபெயர்க்க நிறுத்தப்படுகிறார்கள். அப்பா எவ்வளவு குடிக்கிறார், அம்மாவை அடிக்கிறாரா என்ற கேள்விகளைப் பிள்ளையின் வாயால் அப்பாவிடம் கேட்பது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதல்ல. பதிலும் உண்மையாக வராது.

அதே குடியிருப்பைச் சேர்ந்த ஒருவரை மொழிபெயர்க்க வைப்பதிலும் சங்கடம் உண்டு. இருபது முப்பது வீடுகள் கொண்ட இடத்தில் எல்லோரும் ஒருவருக்கொருவர் உறவு. அறையில் பேசியது மறுநாள் ஆற்றங்கரையில் பேசப்படலாம். வேறு குடியிருப்பைச் சேர்ந்த, இரகசியம் காக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம். பேசும் முறையும் முக்கியம். குமரி மாவட்டத்தில் மூத்தவர்கள் தம்மைவிட இளையவர் ஒருவரையே ‘மக்களே’ என்று பாசத்தோடு அழைப்பார்கள். வயதான செவிலியர் அப்படி அழைத்துப் பேசத் தொடங்கும்போது, ‘குடிப்பழக்கம் உண்டா’ என்ற படிவக் கேள்விக்கு வராத பதில் வந்துவிடுகிறது.

காணிக்காரர்களைப் பற்றிப் பேசும்போது ஒரு தவறான எண்ணத்தையும் விலக்க வேண்டும். பழங்குடியினர் இயல்பாகவே குடிப்பவர்கள் என்ற பேச்சு பரவலாக உள்ளது. எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வு, 10 முதல் 75 வயது வரையிலான இந்தியர்களில் 14.6 சதவீதத்தினர் மது அருந்துவதாகவும், 5.7 கோடிப் பேருக்கு மதுச் சிக்கலுக்கான உதவி தேவை என்றும் கூறியது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகவும் அதே ஆய்வு சொல்கிறது. இது எல்லாச் சமூகங்களின் சிக்கல். காணிக்காரர் மரபில் நோயாளியைச் சுற்றி அமர்ந்து, கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசி ஒலியெழுப்பியபடி சாற்றுப்பாட்டு பாடும் வழக்கம் உண்டு. சொல்லாலும் பாட்டாலும் ஒருவரைத் தேற்றலாம் என்பதை அறிந்த மக்களுக்கு ஆலோசனை என்ற முறை அந்நியமாக இருக்க வேண்டியதில்லை.

நிபுணர் இல்லாத இடத்தில்

பேச்சிப்பாறை போன்ற ஊரில் தமிழும் மலையாளமும் காணிப் பேச்சும் தெரிந்த மனநல மருத்துவர் வந்து அமர்வார் என்று காத்திருப்பதில் பயனில்லை. கோவாவில் நடந்த ஓர் ஆய்வு வேறு வழியைக் காட்டுகிறது. பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் பட்டமோ உளவியல் பட்டமோ இல்லாத உள்ளூர் ஆலோசகர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். அவர்கள் தீங்கு தரும் அளவில் குடிக்கும் ஆண்களிடம் அதிகபட்சம் நான்கு அமர்வுகள் உள்ளூர் மொழியில் பேசினார்கள். 377 பேர் பங்கேற்ற இந்த ஆய்வு 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. மூன்று மாதங்களுக்குப் பின் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதத்தினரும், ஆலோசனையும் பெற்றவர்களில் 36 சதவீதத்தினரும் ஆபத்தான குடியிலிருந்து விடுபட்டிருந்தனர். கடும் அடிமைநிலையில் இருப்பவர்களுக்கு இது மட்டும் போதாது. அவர்களுக்கு ஆசாரிபள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் மருந்தும் படுக்கையும் தேவை. ஆனால் அந்த நிலையை எட்டும் முன்னரே பலரைத் தடுக்க இந்த முறை உதவும்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இன்னொரு முன்மாதிரி உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, 1980களின் இறுதியில் இன்றைய திருவாரூர் மாவட்டத்தின் மஞ்சக்குடியில் கிராம முகாம்களை நடத்தத் தொடங்கியது. நோயாளியை நகரத்துக்கு வரவழைக்காமல் சிகிச்சையை ஊருக்கே கொண்டுபோகும் முறை அது. ஊர்ப் பெரியவர்களும் குடும்பத்தினரும் அதில் பங்கெடுத்தார்கள்.

நேரமும் கவனிக்கத்தக்கது. ரப்பர் பால் வெட்டும் தொழிலாளர்கள் விடியுமுன் வேலைக்குப் போய், மரம் மரமாகப் பால் சேகரித்து, ஒப்படைத்து முடிக்க நண்பகலாகிவிடும். அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவு பரபரப்பாக இயங்குவதும் அதே காலை நேரம்தான். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தால்தான் மருத்துவரைப் பார்க்கலாம் என்றால், இரண்டாம் முறை வரமாட்டார்கள். மாலையில் நடக்கும் ஓர் அமர்வு, மொழி தெரிந்த ஆலோசகருக்கு இணையான பயனைத் தரக்கூடும். மழைக்காலத்தில் பால் வெட்டு நின்று வருமானம் குறையும் வாரங்களில் கூடுதல் கவனிப்பு தேவை.

வீடு தேடிச் செல்லும் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மருந்துகளோடு வீடுகளுக்குச் செல்கிறார்கள். உள்ளூர்ப் பேச்சு தெரிந்தவர்கள் அவர்கள். குவார்ட்டர் கணக்கில் திருத்தி எழுதிய மூன்று கேள்விகளை அவர்கள் கையில் கொடுப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

சட்டமும் தொலைபேசியும்

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்துள்ளது. ஆகவே குடிநோயாளிக்கும் அச்சட்டத்தின் உரிமைகள் உண்டு. நோயின் தன்மை, சிகிச்சைத் திட்டம் ஆகியவற்றை அவருக்குப் புரியும் மொழியிலும் வடிவிலும் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிப் பெறும் ஒப்புதலே முறையான ஒப்புதல். எழுத்து இல்லாத மொழியைப் பேசுபவருக்குப் புரியும் வடிவம் அச்சிட்ட படிவமாக இருக்க முடியாது. வாயால் சொல்லி, அவர் புரிந்துகொண்டதை அவர் வாயாலேயே கேட்டறிய வேண்டும்.

இந்த உரிமை அடிக்கடி மீறப்படுவது வீட்டில்தான். குடியை நிறுத்தும் மருந்து என்று சொல்லிச் சோற்றிலோ குழம்பிலோ நோயாளிக்குத் தெரியாமல் கலந்துகொடுக்கும் வழக்கம் உள்ளது. டைசல்ஃபிரம் என்ற மருந்து உடலில் இருக்கும்போது மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் சரிந்து, சிலருக்கு மரணமே நேரலாம். மருத்துவரின் மேற்பார்வையில், நோயாளியின் முழு அறிவோடும் ஒப்புதலோடும் மட்டுமே அதைத் தர வேண்டும். இந்த எச்சரிக்கை குடும்பத்தினருக்குப் புரியும் பேச்சில் போய்ச் சேர்வது மிக அவசியம்.

2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ், மலையாளம் உட்பட 20 மொழிகளில் பேசுகிறார்கள். அழைப்பவர் தனக்கு வசதியான மொழியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்பதால், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பவரும் மலையாளத்தைக் கேட்டுப் பெறலாம். போதை மீட்புக்கென்றே 14446 என்ற தேசிய உதவி எண்ணும் உள்ளது. காட்டுக் குடியிருப்புகளில் செல்பேசிச் சிக்னல் சீராகக் கிடைப்பதில்லை. அங்கே இந்த எண்களை விட, படகேறி வரும் சுகாதாரப் பணியாளரின் வாய்ச்சொல்லே இன்னும் கூடுதல் பயன் தருகிறது. கைநடுக்கம், வலிப்பு, குழப்பமான பேச்சு ஆகியவற்றுள் எது தெரிந்தாலும் தொலைபேசி ஆலோசனைக்குக் காத்திராமல் 108 ஆம்புலன்ஸ் வழியாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.